சி.ஏ. பயிற்சி ஆசிரியர்களுக்கு: அந்தப் புத்தகப் பட்டியலைச் சுருக்கிக் கொடுங்கள்

தமிழ்நாட்டில் சி.ஏ. வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் மதுரையில் ஆடிட்டராக இருக்கிறேன். என் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. படிப்பின் நேரடிப் பயிற்சி) செய்யும் பிள்ளைகள் பெரும்பாலும் உங்களிடம் படித்து வந்தவர்கள்தான். விடிவதற்கு முன்பே வகுப்பைத் தொடங்கும் உங்கள் உழைப்பைக் கண்கூடாகப் பார்க்கிறேன். பிள்ளைகள் உங்கள் வார்த்தையைத்தான் வேதமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இதை உங்களிடமே கேட்கிறேன்: முதல் நாள் நீங்கள் கொடுக்கும் புத்தகப் பட்டியலைச் சுருக்குங்கள்.

சி.ஏ.வின் இடைநிலைத் தேர்வான இன்டரில் ஒரு குரூப்புக்கு மூன்று பேப்பர். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெயின் புக், ஒரு கொஸ்டின் பேங்க், ஒரு சம்மரி புக், கடைசி நாளுக்கென்று ஒரு சார்ட் புக். அப்பா, அம்மா எப்படியோ பணம் புரட்டி வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். தேர்வை நடத்தும் இன்ஸ்டிட்யூட் (ஐ.சி.ஏ.ஐ.) அனுப்பிய ஸ்டடி மெட்டீரியல், அதாவது மாட்யூல், மட்டும் மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. இன்ஸ்டிட்யூட்டின் இணையதளத்தில் அதே பாடங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். "ஏன்ப்பா படிக்கல?" என்று கேட்டால், "சார் நோட்ஸே போதும்னு சொன்னாங்க" என்கிறார்கள்.

போதாது. 2023 ஜூலையில் வந்த புதிய பாடத்திட்டத்தின்படி, 2024 மே தேர்விலிருந்து இன்டரிலும் ஃபைனலிலும் நூற்றுக்கு 30 மதிப்பெண் எம்.சி.க்யூ.வுக்கு (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு) போய்விட்டது. ஒரு கம்பெனியின் கதையை அரைப் பக்கத்துக்குச் சொல்லி, அதிலிருந்து கேள்விகளை அடுக்குகிறார்கள். பாடத்தை உதாரணங்களோடு முழுதாகப் படித்தவருக்குத்தான் அது பிடிபடும். ஆடிட்டிலும் கம்பெனி சட்டத்திலும் விடை எழுதும் நடை இன்னொரு சிக்கல். தணிக்கைத் தரநிலையும் சட்டப்பிரிவும் சொல்லும் சொற்களிலேயே எழுதிப் பழக வேண்டும். மனப்பாடத்துக்காகச் சுருக்கிய நோட்ஸில் முதலில் காணாமல் போவது அந்தச் சொற்கள்தான். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி என்று இருக்கும்போது, பிள்ளைகள் அந்த மதிப்பெண்களை இழக்கலாமா?

எந்தப் பதிப்பு என்பதை நீங்கள் அழுத்திச் சொல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். சென்னைக்குப் போகும் பிள்ளைகள் திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில் வரிச் சட்டப் புத்தகத்தைப் பாதி விலைக்கும் குறைவாக வாங்கி வருகிறார்கள். சீனியர்கள் கொடுத்துவிட்டுப் போன பிரதிகளும் கைமாறுகின்றன. ஓர் உதாரணம் சொல்கிறேன். மாதம் 25,000 ரூபாய் கட்டட வாடகை, ஆண்டுக்கு 3 லட்சம். வாடகைக்கு டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடிக்கும் வரம்பு ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் என்று பழைய புத்தகம் சொல்லும். பிள்ளையும் வரி பிடிக்க வேண்டும் என்று எழுதுவார். 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு மாதத்துக்கு 50,000 ரூபாய். பிடிக்கவே தேவையில்லை. கணக்கு போடும் முறையெல்லாம் சரியாக இருந்தும் விடை தப்பு.

இப்போது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டமே வந்துவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரிவு எண்கள் மாறிவிட்டன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரண்டும் போய் 'வரி ஆண்டு' என்று ஒன்றே வந்திருக்கிறது. இந்த நேரத்தில் "போன வருஷப் புத்தகமே போதும், அமெண்ட்மெண்ட் மட்டும் தனியாகத் தருகிறேன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எந்த அட்டெம்ப்டுக்கு (எந்த மாதத் தேர்வுக்கு) எந்தச் சட்டம், பட்ஜெட்டோடு வரும் எந்த ஃபைனான்ஸ் ஆக்ட் என்று இன்ஸ்டிட்யூட் அறிவிப்பதை வகுப்பறைப் பலகையிலேயே எழுதிப் போடுங்கள்.

காஸ்டிங், ஃபைனான்சியல் மேனேஜ்மென்ட் வேறு. சூத்திரங்கள் அப்படியே இருப்பதால், பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பழைய புத்தகத்தில் கணக்கு போட்டுப் பழகலாம். அதையும் நீங்களே சொல்லிவிட்டால் பெற்றோருக்குக் கொஞ்சம் பணமாவது மிச்சமாகும்.

அப்புறம், தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளைகள். தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். அவர்கள் கையில் ஒரே பாடத்துக்கு நான்கு ஆங்கிலப் புத்தகங்களைக் கொடுத்தால் எதையும் முடிக்க மாட்டார்கள். ஒரே மாட்யூலை மூன்று முறை படிக்கட்டும். நீங்கள் தமிழில் விளக்குங்கள், நல்லது. விளக்கியதும் மாட்யூலில் அந்தப் பத்தியைத் திறந்து, ஆங்கிலத்தில் ஒரு பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

வெளிப் புத்தகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கன்சாலிடேஷன் (குழும நிறுவனங்களின் கணக்குகளை ஒன்றாக்குவது) போன்ற பாடத்தில் இன்னும் நாற்பது கணக்கு போட்டால்தான் கை வரும் என்றால் ஒரு கொஸ்டின் பேங்க் வாங்கட்டும். மாட்யூலை முடித்து, ஆர்.டி.பி.யும் (தேர்வுக்கு முன் இன்ஸ்டிட்யூட் வெளியிடும் மீள்பயிற்சித் தாள்) பழைய தேர்வுகளுக்கு இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட விடைகளும் பார்த்த பிறகு வாங்கட்டும். நீங்கள் எழுதிய புத்தகமாக இருந்தாலும் அதே வரிசைதான் இருக்க வேண்டும். வகுப்புக் கட்டணத்தோடு அதைக் கட்டாயமாகச் சேர்க்காதீர்கள்.

அடுத்த பேட்ச் சேரும்போது ஒரே ஒரு தாள் கொடுங்கள். ஒவ்வொரு பேப்பருக்கும் மாட்யூல் எந்தப் பதிப்பு, எது கட்டாயம், எது விருப்பம், எதைப் பழையதாக வாங்கலாம் என்று அதில் இருக்கட்டும். பெற்றோரும் பார்க்கும்படி வாசலில் ஒரு பிரதி ஒட்டுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஓர் ஆடிட்டர்