வீடு திரும்ப வழி இருந்தால் காரை விட்டுவிட்டு வருவார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னையின் ஐ.டி. அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் பழைய மாமல்லபுரம் சாலையின் நெரிசலைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் "மெட்ரோ வந்துவிட்டால் சரியாகிவிடும்" என்பதோடு முடிந்துவிடுகிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தத் தடம் வரட்டும், வர வேண்டும். ஆனால் தூண் வேலைக்காகச் சாலை குறுகிக் கிடக்கும் இந்த நாட்களிலேயே செய்யக்கூடியவை நிறைய உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் அரசின் கையில் இல்லை, சாலையோர அலுவலகங்களின் கையில்தான் இருக்கின்றன. அந்த அலுவலகங்களில் போக்குவரத்தைக் கவனிப்பவர்கள் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

தனித்தனிக் காரில் வருபவர்களை ஒன்றாக வரச் செய்வதை முதலில் எடுத்துக்கொள்வோம். காலையில் நான்கு பேரை ஒரு காரில் சேர்ப்பது எளிது. எல்லோரும் ஒன்பது, ஒன்பதரைக்குள் உள்ளே இருக்க வேண்டியவர்கள். ஏற்பாடு உடைவது மாலையில். ஒருவருக்கு ஆறு மணிக்கு வெளிநாட்டு அழைப்பு வந்து நிற்கும். இன்னொருவருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மூன்று மணிக்கே பள்ளியிலிருந்து போன் வரும். காரை வீட்டில் விட்டுவந்த நாளில் இப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டவர், மறுநாளே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே நிர்வாகம் முதலில் தரவேண்டியது வீடு திரும்புவதற்கான உறுதி. வாரத்தில் மூன்று நாளாவது பேருந்திலோ ரயிலிலோ பிறர் காரிலோ வருவதாகப் பதிவு செய்துகொண்டவருக்கு, அவசரம் என்றால் ஆண்டுக்கு ஆறு முறை அலுவலகச் செலவில் கேப். இரவுப் பணிக்காகக் கேப் ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனங்கள் அதிலேயே இதையும் சேர்த்துவிடலாம். ஆறு முறை என்று எழுதி வைத்தாலும் பெரும்பாலோர் ஒன்றிரண்டைக்கூடப் பயன்படுத்த மாட்டார்கள். இருக்கிறது என்ற தைரியம்தான் அவர்களுக்கு வேண்டியது. இந்த ஏற்பாடு இரண்டு இடங்களில் பிசகும். மேலாளரின் ஒப்புதல் கிடைத்த பிறகுதான் கேப் என்று விதி வைத்தால் யாரும் நம்பிப் பதிவு செய்ய மாட்டார்கள். ஏறிப் போகட்டும், காரணத்தை மறுநாள் எழுதித் தரட்டும். இரண்டாவது, மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, எல்லோருக்கும் வண்டி தேவைப்படும் அதே மாலையில்தான் செயலியில் ஒரு கேப்கூடக் கிடைக்காது. அந்த மூன்று மாதமும் வளாகத்தில் ஒரு வேனாவது தயாராக நிற்க வேண்டும்.

அடுத்து, காரைப் பகிர்ந்துகொள்ள ஆட்களைச் சேர்க்கும் முறை. முந்நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கிவிட்டு, யாரும் சேரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. அங்கே யாரும் யாரையும் அறியார். பின்கோடு வாரியாகப் பிரிப்பதும் தவறு. பக்கத்துத் தெருக்காரரைவிட வழியில் இருப்பவரே முக்கியம். தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிறவருக்கு, தாம்பரத்தின் மறுகோடியில் இருப்பவரைவிட மேடவாக்கம் கூட்டு ரோட்டில் நிற்பவர் பொருத்தமானவர். வேளச்சேரிக்காரர் தரமணி வழியாகப் போகிறாரா, பள்ளிக்கரணை வழியாகத் துரைப்பாக்கம் போகிறாரா என்பதைக் கேட்காமல் ஆள் சேர்க்கவே கூடாது. ஒருவரை ஏற்றிக்கொள்வதற்காகச் சுற்றும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் அந்தக் கூட்டு ஒரு மாதம் தாங்காது.

ஒரு காருக்கு மூன்று பேர் என்று தொடங்குவது நல்லது. நான்கு பேர் என்றால் காத்திருக்கும் இடங்கள் கூடும், தினமும் யாராவது ஒருவர் விடுப்பில் இருப்பார். வீட்டு வாசலில் ஏற்றக்கூடாது, பிரதான சாலையில் ஒரே இடத்தில் ஏற்ற வேண்டும். மூன்று நிமிடம் காத்திருந்துவிட்டுக் கிளம்பிவிடலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது என்று முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். மாலையில் ஆறு மணிக்கு ஒரு கார், ஏழரைக்கு ஒரு கார் என்று இரண்டு கூட்டுகள் இணைந்து நடந்தால், முதல் காரைத் தவறவிட்டவருக்கு இன்னொன்று இருக்கும். பெண்கள் மட்டும் சேரும் கூட்டு வேண்டும் என்று கேட்டால் கேள்வி கேட்காமல் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

பணத்தில்தான் சட்டச் சிக்கலும் வரும். வெள்ளை போர்டு காரில் ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கி ஏற்றினால், பெர்மிட் இல்லாத வாடகை வண்டி ஆகிவிடும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கலாம். கார் உள்ள மூவர் முறை வைத்து வாரத்துக்கு ஒருவராக ஓட்டினால் பணமே கைமாற வேண்டாம். வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குப் போய்வர ஏறத்தாழ 45 கிலோமீட்டர். நெரிசலில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், பெட்ரோல் சுமார் 100 ரூபாய் என்று வைத்தால், 22 வேலை நாளுக்கு 7,000 ரூபாயைத் தொடும். மூவர் முறை வைத்தால் தலைக்கு 2,400 ரூபாய்க்குள் அடங்கும். ஒன்றை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும்: மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள காரில் உடன் வருபவருக்குப் பொதுவாகப் பாதுகாப்புக் கிடையாது. உடன் வருபவரையும் காக்கும் முழுக் காப்பீடான பேக்கேஜ் பாலிசி உள்ள கார்களை மட்டுமே சேர்க்க வேண்டும்.

நிறுவனப் பேருந்துகளைப் பார்த்தால் மனம் வேகிறது. அடுத்தடுத்த வளாகங்கள் ஒரே வழியில் தனித்தனி வண்டி விட்டு, அரைகுறையாக ஆட்களோடு ஓட்டுகின்றன. திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து டைடல் பார்க்குக்கு நடந்துவிடலாம். அதற்குத் தெற்கே வேலை செய்பவர்களுக்கு நிலையத்திலிருந்து வேன் வேண்டும். சோழிங்கநல்லூர் போய்த் திரும்ப நெரிசல் நேரத்தில் 90 நிமிடம் என்றால், கால் மணிக்கு ஒன்று விட 6 வண்டி தேவை. ஒரு நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது, ஐந்து நிறுவனங்கள் சேர்ந்தால் ஆகும். ஒப்பந்த வண்டி ஒப்பந்தத்தில் இல்லாதவரை வழியில் ஏற்ற முடியாது என்பதால், தொழில்நுட்பப் பூங்கா நிர்வாகமே ஒரே ஒப்பந்தம் போட்டு எல்லா நிறுவன ஊழியர்களையும் அதில் சேர்க்க வேண்டும். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேருக்கு மேல் அமரக்கூடிய வண்டியை அமர்த்தினால் ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி வரவு எடுக்க, அதாவது வாடகைக்குக் கட்டிய வரியை நிறுவனம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும், சிறிய வேனுக்கும் காருக்கும் பொதுவாக அது கிடைப்பதில்லை. கணக்குத் துறையினரிடம் இதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

வண்டி நிறுத்துமிடம் இலவசம் என்பதும் ஒரு மயக்கம். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர் போய்விடும். அந்தக் காரில் வந்தவரின் மேசைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது! காரில் வருபவருக்கு இந்த இடத்தைத் தரும் நிறுவனம் பேருந்தில் வருபவருக்கு எதுவும் தருவதில்லை. கலிஃபோர்னியாவில் 1992-இல் வந்த சட்டம், வாடகைக்கு எடுத்த இடத்தை ஊழியருக்கு இலவசமாகத் தரும் பெரிய நிறுவனங்கள், அது வேண்டாம் என்பவருக்கு ஈடான பணத்தைத் தர வேண்டும் என்றது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரம் 2012 முதல் அலுவலக நிறுத்துமிடங்களுக்கு நிறுவனங்களிடம் வரி வாங்கி டிராம் பாதைக்குச் செலவிடுகிறது. நம் ஊரில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடத்தை விட்டுக்கொடுப்பவருக்கு மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதாந்திர பாஸையோ, குளிர்சாதனப் பேருந்திலும் செல்லும் 2,000 ரூபாய் பாஸையோ வாங்கித் தரலாம். வாயிலுக்கு அருகில் உள்ள நிழலான இடங்களை மூவர் வரும் கார்களுக்கு என்று பெயிண்டால் எழுதி ஒதுக்கலாம்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளை ஊழியர் விருப்பத்துக்கே விட்டால் எல்லோரும் திங்களையும் வெள்ளியையும் எடுத்துக்கொள்வார்கள், நடுவில் மூன்று நாளும் சாலை பிதுங்கும். குழுவாரியாகக் கிழமையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரே கூட்டில் வருபவர்களுக்கு ஒரே கிழமை அமைந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, பெரிய செலவில்லாத ஒன்று. வளாகத்தின் பிரதான வாயில் காருக்காக அமைந்தது. பேருந்திலிருந்து இறங்குபவர் வெயிலில் சுற்றுச்சுவரைச் சுற்றிக்கொண்டு, நடைபாதை இல்லாத ஓரத்தில் வரவேண்டியிருக்கிறது. நிறுத்தத்துக்கு நேராகச் சுவரில் ஒரு சிறு வாயில் பெரும்பாலும் இருக்கும், பூட்டிக் கிடக்கும். காலை எட்டு முதல் பத்தரை வரையிலும் மாலை ஐந்து முதல் ஒன்பது வரையிலும் ஒரு காவலாளியை நிறுத்தி அதைத் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேடவாக்கம், சென்னை