மின்னணுக் கழிவுச் சேகரிப்பு அறை கட்ட நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் சுற்றுவட்டாரத்து வீடுகளில் பரணேறிக் கிடக்கும் பழைய தொலைக்காட்சி, செல்போன், சார்ஜர், டியூப்லைட் ஆகியவற்றைச் சேகரித்து உரிய இடத்தில் ஒப்படைப்பதற்காக, வாசகசாலையின் பின்புறம் ஓர் அறை கட்ட எங்கள் கமிட்டி தீர்மானித்துள்ளது. அதற்குத் தங்கள் பொருளுதவியை வேண்டுகிறோம்.

எல்லைக்கு அப்பால் தமிழக அரசு 2006இல் தொடங்கிய திட்டத்தில் இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளும், அதே காலத்தில் இங்கே நாம் விலைக்கு வாங்கியவையும் ஆயுள் முடிந்து பழைய இரும்பு வண்டிகளில் ஏறுகின்றன. படக்குழாயின் கழுத்தில் சுற்றியுள்ள செம்புச் சுருளைக் கழற்றிய பிறகு, ஈயம் கலந்த அதன் கண்ணாடி வாய்க்கால் ஓரத்தில் உடைத்துப் போடப்படுகிறது. செம்புக்காக வயர்களைக் கொளுத்தும்போது, பி.வி.சி. மேலுறை எரிந்து டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு புகையோடு கிளம்புகிறது. வயிற்றுப்பாட்டுக்காக இதைச் செய்வோரை நாங்கள் குறைகூறவில்லை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே.

சட்டம் இருக்கிறது. பயன்பாடு முடிந்த பொருள்களின் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் 2022ஆம் ஆண்டு விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. கேரளத்தில் வீடுவீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனையும், அதைப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் கிளீன் கேரளா கம்பெனி என்னும் அரசு நிறுவனமும் இருக்கின்றன. ஆயினும் வீட்டிலிருந்து அவர்கள் கைக்குப் பொருள் போய்ச் சேரும் இடத்தில்தான் காரியம் தவறுகிறது. அறிவிப்புகள் மலையாளத்தில் வருவதால், தமிழ் மட்டுமே படித்த நம் பெரியவர்களுக்கு எதை, என்று, யாரிடம் கொடுப்பது என்பது தெரிவதில்லை. தெரிந்தவர்களுக்கும் அதுவரை பத்திரமாக வைக்க இடமில்லை.

ஆகவே, பஞ்சாயத்தின் அனுமதியுடன் கட்டப்படும் இவ்வறைக்குச் சிமென்ட் தளமும், ஒழுகாத கூரையும், பூட்டுள்ள கதவும் அமையும். பாதரசம் உள்ள டியூப்லைட்டுகள் உடையாமல் நிற்க மரச்சட்டமும், உப்பிப்போன செல்போன் பேட்டரிகள் தீப்பிடித்தாலும் பரவாமலிருக்க உலர்மணல் நிரப்பிய இரும்புத் தொட்டியும் வைக்கப்படும். தமிழில் துண்டறிக்கை அச்சிட்டு வீடுதோறும் கொடுப்பதும், தமிழ்வழி மாணவர்களுக்கு விளக்கக் கூட்டம் நடத்துவதும் இத்திட்டத்தில் அடங்கும். கட்டடத்தைவிட இந்தத் துண்டறிக்கையே முக்கியம் என்று கமிட்டி கருதுகிறது.

மொத்த மதிப்பீடு ரூ.90,000. நன்கொடையை மாலை வேளைகளில் வாசகசாலையில் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம். செங்கல், சிமென்ட், ஓடு, ஒருநாள் உழைப்பு எதுவாயினும் நன்றியுடன் ஏற்போம். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அறை திறக்கும்வரை பழைய பெட்டிகளை உடைக்காமலும் விற்காமலும் வீட்டிலேயே வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
வாசகசாலைக் கமிட்டியார்