மணிக்கணக்கு இருக்கிறது, பழக்கம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி விமானம் ஓட்டும் இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் பயிற்சியைப் பாதியில் விட்டு, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அதற்குத் திரும்பியிருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். லாக்புக்கில் 30 மணி நேரம் ஏற்கெனவே பதிவாகியிருந்ததால், மீதி 10 மணி நேரத்தைப் பறந்து முடித்தால் போதும் என்றே பயிற்சி நிலையத்தில் கூறினார்கள்; நானும் நம்பினேன்.

முதல் நாளே அந்த நம்பிக்கை கலைந்தது. விதிகளும் வரைபடக் குறியீடுகளும் பெரும்பாலும் நினைவில் இருந்தன; கண்ணின் பழக்கம்தான் போயிருந்தது. விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியான செயற்கை அடிவானத்திலிருந்து உயரமானிக்கும், மீண்டும் அடிவானத்துக்கும், அங்கிருந்து திசைகாட்டிக்குமாக ஓடிக்கொண்டே இருக்கவேண்டிய பார்வை உயரமானியிலேயே நிலைகுத்திவிட, 200 அடி இறங்கியதைச் சரிசெய்து முடிப்பதற்குள் திசை 20 பாகை விலகியிருந்தது.

இதை அற்பமாகக் கருத இயலாது. சீரான திருப்பம் ஒன்று நீடித்தால், உட்செவியின் திரவமும் சிறிது நேரத்தில் உடன் சுழலத் தொடங்கிவிடுவதால், விமானம் நேராகச் செல்வதாகவே உடல் சாதிக்கும். 1954இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம், கருவிவழிப் பயிற்சி பெறாத 20 பேரை மேகத்துக்குள் இருப்பது போன்ற சூழலில் பறக்கவைத்தபோது, அனைவரும் சராசரியாக 178 விநாடிகளில் கட்டுப்பாட்டை இழந்தார்கள். இடைவெளி விட்டவன் அந்த 20 பேரில் ஒருவன் அல்லன் என்பது உண்மையே. ஆனால் அந்த எண்ணமே அவனுக்கு வேண்டாத துணிச்சலையும் தந்துவிடுகிறது.

ரேட்டிங் பெற்றவர்களுக்காவது விதி உண்டு. அமெரிக்காவில், கடந்த 6 மாதங்களில் 6 அப்ரோச்சுகளும் (கருவிகளின் வழிகாட்டலில் ஓடுதளத்தை நோக்கி இறங்குதல்) ஹோல்டிங்கும் (வானில் ஓரிடத்தில் சுற்றிவந்து காத்திருத்தல்) செய்யாதவர் கருவிவழிப் பறத்தலுக்குத் தலைமை வகிக்க இயலாது; மேலும் 6 மாதங்கள் கடந்தால் திறன் சோதனைக்கு உட்படவேண்டும். பாதியில் நின்ற மாணவரின் மணிக்கணக்கோ அங்கே காலாவதியாவதில்லை. அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பயிற்றுநர்தான் கண்டறியவேண்டும்.

ஆகவே, திரும்பி வருபவரை நேராக அப்ரோச்சுக்கு அழைத்துச் செல்லாமல், முதல் சில வகுப்புகளைச் சிமுலேட்டரில், மட்டப் பறத்தலுக்கும் விநாடிக்கு 3 பாகைத் திருப்பத்துக்கும் மட்டுமே ஒதுக்குமாறு பயிற்சி நிலையங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அசையாத சிமுலேட்டரில் செவி ஏமாறாதுதான். எனினும் பார்வை ஒழுங்குக்கு வந்துவிடும். நான் பிறகு வற்புறுத்திக் கேட்டுப் பெற்ற ஐந்து வகுப்புகளில், உயரம் 100 அடிக்குள் நிற்பதற்கே நான்கு தேவைப்பட்டன.

இப்படிக்கு,
பயிற்சி விமானி ஒருவர்