கொட்டை மரம் என்றால் அவ்வளவு இளக்காரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பலா சாகுபடி பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பத்தியில், 'கொட்டை போட்டு முளைத்த தரமற்ற மரங்களை வெட்டிவிட்டு ஒட்டுக்கன்று நடுவதே லாபம்' என்று ஒரு வரி. இதழ் வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. பக்கத்துத் தோப்புக்காரர் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மரம் அறுக்கும் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய தாத்தா வைத்த மரம். ஊரில் எந்த மரமும் பழுக்காத மாசியிலேயே பழம் கொடுக்கும். அறுத்தாயிற்று. அடிமரம் மிருதங்கம் கடையப் போய்விட்டது. தங்கள் பத்திரிகைக்கு அவ்வளவு செல்வாக்கு, வாழ்த்துகள்.

பண்ருட்டிப் பக்கம் எனக்கு 41 பலா மரங்கள் இருக்கின்றன. 29 கொட்டை மரங்கள், மீதி நல்ல மரத்துக் குச்சியை வேறு கன்றில் கட்டி வளர்த்த ஒட்டு. பலா அயல் மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பது, தேன் போன்ற பழத்தின் கொட்டையை நட்டாலும் தாயைப் போலவே பிள்ளை வராது என்பதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. என்னுடைய 29 மரங்களும் 29 விதம். ஒன்றின் சுளை கடித்தால் நறுக்கென்று உடையும். ஒன்றில் பாலே கையில் ஒட்டாது. கிணற்றடியில் நிற்பது ஆடியில்தான் பழுக்கும். மண்டியில் வரத்து ஓய்ந்தபின் வருவதால் எனக்கு நாலு காசு தருவது அதுதான். நாலைந்து மரம் சப்பென்றுதான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அவற்றை மாட்டுக்குப் போடுகிறோம். அதற்காக எல்லாமே தரமற்றவையா?

பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 பலாவைக் கட்டுரையாளர் வாயாரப் புகழ்ந்திருக்கிறார். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. இங்கே பணிக்கன்குப்பத்து நாட்டுப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் அது. முந்திரியும் அதே கதை. விருத்தாசலம் 3 என்று 1991-இல் வந்த ரகம், பழைய தென்னாற்காடு மாவட்டத்து இடையஞ்சாவடியில் நன்றாகக் காய்த்த ஒற்றை மரத்திலிருந்து எடுத்தது. இவற்றைத் தேர்ந்தெடுத்த அதிகாரிகள் வருவதற்கு ஒரு மாதம் முன்பு தங்கள் கட்டுரையாளர் இந்த ஊர்களுக்கு வந்திருந்தால் இரண்டு ரகமும் அடுப்பில் எரிந்திருக்கும்.

கரும்பையும் சொல்லிவிடுகிறேன், கடலூர்க்காரன் கரும்பைச் சொல்லாமல் இருந்தால் எப்படி? 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் வேங்கடராமனும் தடித்த இனிப்புக் கரும்போடு, ஆற்றோரம் தானாக முளைக்கும் பேய்க்கரும்பைக் கலந்தார்கள். சாறும் இல்லாத இனிப்பும் இல்லாத அந்தப் புல்லின் தாங்கும் சக்திதான் கோ 205 என்ற கரும்பு ரகத்துக்குள் போனது. தரம் பார்த்துக் கொளுத்தியிருந்தால் வட இந்தியாவில் அந்தக் கரும்பு நின்றிருக்குமா?

நான் ஒட்டுக்கு எதிரி இல்லை. என்னிடமே 12 இருக்கிறதே. ஆனால் 2011 டிசம்பர் 30-இல் அடித்த 'தானே' என்ற புயலை மறக்கவில்லை. அன்றைக்கு என் தோப்பில் இருந்த ஒட்டு மரங்கள் அத்தனையும் சாய்ந்தன. கொட்டை மரங்களிலும் பாதிக்கு மேல் போயின. தப்பியவை எல்லாம் நட்ட இடத்திலேயே ஆணிவேர் விட்டவை. கணக்கெடுக்க வந்தவர் விழுந்த மரத்தை மட்டும் எண்ணினார். கிளையெல்லாம் முறிந்து மறு வருடம் பட்டுப்போன மரங்களுக்கு இன்றுவரை ஒரு காசு வரவில்லை. அப்புறம் நிவாரணம் என்று ஒரே ரகக் கன்றுகளை ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். அதைப் பற்றி அப்போது தங்களுக்கு எழுதிய கடிதமும் வெளிவரவில்லை. ஒன்றுக்கு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். ஒரே வாரத்தில் பழுத்தால் மண்டியில் கேட்க ஆளிருக்காது.

ரகங்களைப் பாதுகாக்க அரசு இருக்கிறதே என்பார்கள். நெல்லைக் காயவைத்துக் குளிரறையில் பல வருடம் வைக்கலாம். பலாக்கொட்டை காய்ந்தால் செத்துவிடும். மரமாகத்தான் நிற்க வேண்டும், அதுவும் யாராவது ஒருவர் நிலத்தில். இதுவரை அது எங்கள் நிலமாக இருந்தது. வாடகை கேட்கவில்லை.

இன்னொன்று. சென்ற இதழின் அட்டையில் பலாப்பழம் என்று தாங்கள் போட்டது டுரியன் என்ற வேறொரு முள் பழம். என் பேத்தி கண்டுபிடித்தாள்.

திருத்தம் போடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் நாலு வரி போதும்: வெட்டுவதற்கு முன் மூன்று வருடக் காய்ப்பையும் ருசியையும் குறித்துவையுங்கள், நல்ல மரமாக இருந்தால் ஒட்டுக்குச்சி எடுத்து வேறொரு கன்றில் கட்டுங்கள், பாலூருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

போன சித்திரையில் தங்கள் அலுவலகத்துக்கு நான் அனுப்பிய பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, 'தேனில் ஊறவைத்ததா?' என்று தங்கள் கைப்பட எழுதியிருந்தீர்கள். அந்த அஞ்சலட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது வரப்போரத்துக் கொட்டை மரத்துப் பழம்.

இப்படிக்கு,
ஒரு பலா விவசாயி,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.