நீலகிரிக் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் பக்கம் உங்களிடம் படிக்கும் பிள்ளைகள் கடைசி வருட புராஜெக்டை ஏஐ துணையோடுதான் எழுதுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கூடாது என்று சுற்றறிக்கை விட்டால் ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதுவார்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. என் கவலை வேறு. யாரோ எழுதி வைத்த 'ஸ்கில்' கோப்புறைகளை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் தேடி இறக்கி அந்த உதவியாளருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஸ்கில் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கோப்புறை, அதற்குள் ஸ்கில்.எம்டி என்ற கோப்பு. அதன் தலையில் ஒரு பெயரும், எந்த வேலைக்கு உதவும் என்ற விவரமும் இருக்கும். கீழே செய்முறை, சாதாரண வாக்கியங்களில். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 அக்டோபரில் தன் ஏஐ உதவியாளரான கிளாடுக்காக இதைக் கொண்டுவந்தது. டிசம்பரிலேயே எல்லாரும் பயன்படுத்தும் பொதுத் தரமாக வெளியிட்டுவிட்டது. இப்போது கோடெக்ஸ், கோபைலட், கர்சர் போன்ற மற்ற ஏஐ கருவிகள் எல்லாமே இதைப் படிக்கின்றன.

உதவியாளர் முதலில் பெயரையும் விவரத்தையும் மட்டும்தான் பார்த்து வைத்துக்கொள்ளும். கையில் உள்ள வேலைக்குப் பொருந்தும் என்று பட்டால்தான் முழுக் கோப்பையும் திறக்கும். 'தமிழ் உதவி' என்று மொட்டையாக விவரம் எழுதிவிட்டு, ஸ்கில் வேலை செய்யவில்லை என்று புலம்பிப் பயனில்லை.

நம் ஊருக்கு எது தேவை என்பதற்கு ஓர் உதாரணம். சிறு விவசாயிகள் ஃபேக்டரிக்குப் போடும் பசுந்தேயிலைக்குக் கணக்கு வைக்கும் செயலி, இங்கே பிள்ளைகள் விரும்பி எடுக்கும் தலைப்பு. அதில் ஊர்ப் பெயரைத் தேடினால் 'கோத்தகிரி' பாதிப் பேருக்குக் கிடைக்காமல் போக வாய்ப்புண்டு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் 'கோ'வின் ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. என்எஃப்சி என்ற யூனிகோடு சீரமைப்பு முறையில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. இன்னொரு கூத்து: பைத்தான் நிரல்மொழியில் 'கோத்தகிரி'யின் நீளம் கேட்டால், ஓகாரம் ஒரே குறியீடாக இருக்கும்போது, 9 என்று வரும். நாம் எண்ணினால் 5 எழுத்து. ரசீதில் பெயரை இத்தனாவது எழுத்தோடு வெட்டு என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம்.

இதை ஒரு பக்கத்தில் ஸ்கில்லாக எழுதி வைத்துவிட்டால், அடுத்த வருடப் பிள்ளை மறுபடி முட்டிக்கொள்ள வேண்டாம். வெளியூரில் யாரும் இதை நமக்காக எழுதப்போவதில்லை.

இறக்கிப் போடும் ஸ்கில்லில் இருக்கும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். கோப்புறைக்குள் ஸ்கிரிப்டும், அதாவது ஓட்டக்கூடிய சிறு நிரலும் இருக்கலாம். உதவியாளர் அதை மாணவரின் லேப்டாப்பிலேயே ஓட்டும். கடவுச்சொல் இருக்கும் கோப்பைப் படித்து வெளியே அனுப்பு என்று செய்முறைக்கு நடுவே ஒரு வரி ஒளிந்திருந்தால், அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். கிட்ஹப்பில் பயனர்கள் பிடித்ததற்குப் போடும் நட்சத்திரம் நிறைய வாங்கியிருக்கிறது என்பது இதற்குப் பதில் ஆகாது. கடை வாசலில் கூட்டம் இருந்தாலும் சரக்கைப் புரட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

அதனால் என் வேண்டுகோள் இதுதான். மாவட்டத்துக் கல்லூரிகள் சேர்ந்து பொதுவாக ஒரு களஞ்சியம் வையுங்கள். வெளியிலிருந்து எடுக்கும் ஸ்கில் எதுவும் ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் வரி வரியாகப் படித்த பிறகே அதற்குள் வரட்டும். ஸ்கிரிப்ட் இருந்தால் இன்னும் கறாராக இருங்கள். சந்தேகம் வந்தால் தூக்கிப் போடுங்கள், பரவாயில்லை. அப்புறம், புராஜெக்ட் மதிப்பெண்ணில் கொஞ்சம் ஒதுக்கி, ஒவ்வொரு குழுவும் தான் கற்றதை ஒரு ஸ்கில்லாக எழுதித் தரச் சொல்லுங்கள். வைவாவில் "இந்த வரி எதற்கு?" என்று கேளுங்கள். ஏஐயிடம் எழுதி வாங்கியவருக்கும் அந்தக் கேள்வியில் தப்பிக்க வழி கிடையாது.

வருகிற பருவத்தில் தமிழ் எழுத்துச் சிக்கலுக்கான ஸ்கில்லில் இருந்து தொடங்கலாம். முதல் வரைவை எழுதித் தருகிறேன். திருத்துவது உங்கள் பிள்ளைகள் பொறுப்பு.

அன்புடன்,
கோத்தகிரியில் இருந்து வேலை பார்க்கும் ஒரு மென்பொருள்காரன்