நிலுவை வந்து சேர்ந்தது: ஒரு ஹவில்தார் வீட்டின் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். என் கணவர் பீரங்கிப் படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி, 2012-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவருக்கு மறுக்கப்பட்டிருந்த ஊன ஓய்வூதியம் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி கிடைத்துவிட்டது. நிலுவைத் தொகையும் இந்த மாதம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. நேரில் பார்த்தவர்களிடம் சொல்லிவிட்டேன். பார்க்க முடியாதவர்களும், யாருக்கு உதவினோம் என்றே தெரியாதவர்களும் இருப்பதால் இந்த மடல். அவரையே எழுதச் சொன்னேன். "எல்லோருக்கும் என் சல்யூட் என்று போடு, போதும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

முதல் நன்றி பக்கத்து ஊர் சுபேதார் அண்ணனுக்கு. பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவர். துப்பாக்கி தூக்கியவர்கள் கோப்பு தூக்கியவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவது பட்டாளத்தார் வீடுகளில் வழக்கம். எங்கள் வீட்டில் இனி அந்தப் பேச்சு எடுபடாது.

ஓய்வுக்கு முன்பு கூடிய மருத்துவ வாரியம், அதாவது ராணுவ மருத்துவர்கள் குழு, என் கணவருக்கு ரத்த அழுத்த நோய், குறைபாடு 30 விழுக்காடு, ஆயுள் முழுவதற்கும் என்று எழுதியிருந்தது. கூடவே, "ராணுவப் பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் அதிகரித்ததும் அல்ல" என்று ஒரு வரி. ஊன ஓய்வூதியம் கிடைக்க, பணி முடித்து ஓய்வு பெறுகிறவருக்குக் குறைபாடு 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதோடு நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டென்று ஏற்கப்படவும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தொகை கிடையாது. முதல் மேல்முறையீட்டுக்கும் இரண்டாவது மேல்முறையீட்டுக்கும் வந்த பதில்களில் அதே வரிதான் இருந்தது.

அண்ணன் செய்த முதல் வேலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, நாசிக் ரோட்டில் உள்ள பீரங்கிப் படை ஆவண அலுவலகத்துக்கு ஒரு மனு அனுப்பியது. வாரியத்தின் முழு நடவடிக்கையும், பணியில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாளும் நகலாக வந்தன. 1988-ஆம் ஆண்டுக் காகிதம் அது. அதைத் தேடி எடுத்து, ஓரத்து முத்திரை வெட்டுப்படாமல் நகல் எடுத்து அனுப்பிய அந்த எழுத்தர் யாரென்று தெரியாது. அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி.

அந்தக் கட்டு வந்த அன்று அண்ணன் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, பென்சிலால் மூன்று இடங்களில் வட்டம் போட்டார். பணியில் சேருவதற்கு முன்பே இந்த நோய் இருந்ததா? இல்லை. பணியால் ஏற்பட்டதா? இல்லை. பணியால் அதிகரித்ததா? இல்லை. காரணம் எழுத வேண்டிய கட்டத்தில், அமைதிப் பகுதியில், அதாவது போர்முனை அல்லாத இடத்தில், பணியாற்றும்போது தொடங்கியது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. "வீட்டிலிருந்தும் கொண்டு போகவில்லை, பட்டாளமும் கொடுக்கவில்லை. அப்படியானால் எங்கே வாங்கினார், ரயிலிலா?" என்று கேட்டார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். வழக்கே அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

ஆனால் வழக்குப் போட என் கணவர் லேசில் சம்மதிக்கவில்லை. சோறு போட்ட இடத்தின் மீதே வழக்கா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதிலேயே ஆண்டுகள் ஓடின. அண்ணன்தான் ஒருநாள் அழுத்திச் சொன்னார்: "நாடாளுமன்றம் 2007-இல் சட்டம் போட்டு, படையினருக்கென்றே உண்டாக்கிய தீர்ப்பாயம் இது. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் ஒருவர், படையில் பெரிய பதவியில் இருந்தவர் ஒருவர் என்று இரண்டு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். உன் குறையைச் சொல்ல அரசே போட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்கார உனக்கு என்ன தயக்கம்?" அதற்குப் பிறகுதான் கையெழுத்து விழுந்தது. 2019-இல் சென்னை அமர்வில் மனு தாக்கலானது.

வழக்கறிஞர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கட்டணத்தை ஆணை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றவர். நாங்கள் எழுதிக்கொண்டு போன பக்கங்களில் பாதிக்கு மேல் அடித்துவிட்டார். லடாக் குளிர், 1999 கார்கில் போரில் டிராஸில் இரவு பகலாகப் பீரங்கி இயக்கியது, பதக்கங்கள் என்று நான் உருகி உருகி எழுதியிருந்தேன். "இது எல்லாம் உண்மை அம்மா. ஆனால் நமக்குத் தேவை 1988-ஆம் ஆண்டுத் தாள்" என்றார். பணியிட விவரத்துக்கு ஒரே ஒரு பத்தி விட்டார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. விசாரணையன்று பேச்சு முழுவதும் அந்தத் தாளைச் சுற்றியே நடந்ததைக் கேட்டபோது கோபம் போய்விட்டது.

இங்கே முன்பின் பார்த்திராத ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். தரம்வீர் சிங் என்ற சிப்பாய், வலிப்பு நோய் காரணமாக 1994-இல் படையிலிருந்து அனுப்பப்பட்டவர். ஓய்வூதியம் மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய் 2013-இல் வென்றார். சேரும்போது மருத்துவர்கள் எந்தக் குறையும் குறித்து வைக்கவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையில்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றால் அதை நிறுவ வேண்டியது அரசுத் தரப்பு. வாரியம் காரணத்தை எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு. இவ்வளவும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அந்த மனிதர் நடுவழியில் சலித்து ஊருக்குத் திரும்பியிருந்தால், எங்களைப் போன்றவர்கள் எதைக் காட்டிப் பேசியிருப்போம்?

அடுத்து உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ராம் அவதார் வழக்கு, 2014 டிசம்பர். ஐம்பதுக்குக் குறைவான குறைபாட்டு விழுக்காட்டை ஐம்பதாக உயர்த்திக் கணக்கிடும் சலுகை, நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்ததை, பணி முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று ஆக்கியது. இதை எங்களுக்குச் சொன்னவர் என் கணவரோடு ஒரே பீரங்கியில் நின்ற பஞ்சாப்காரர். சண்டிகர் அமர்வில் தான் பெற்ற ஆணையைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினார். நூறு விழுக்காடு குறைபாட்டுக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு ஊனத் தொகை. ஐம்பது என்றால் அதில் பாதி. எங்கள் முப்பது விழுக்காட்டுக் குறைபாடு ஐம்பதானது இப்படித்தான். பாயிசாப், உங்கள் மகள் திருமணத்துக்கு இவர் கட்டாயம் வருவார். லஸ்ஸி மட்டும் அளவோடு கொடுங்கள், சர்க்கரையும் எட்டிப் பார்க்கிறது.

நிலுவையைப் பற்றிப் பலர் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். 2012-இலிருந்து கணக்குப் போட்டு வைத்திருந்தவள் நான். காலதாமதமாக வந்தால், மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே நிலுவை என்று, தர்சேம் சிங் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒட்டியே எங்களுக்கு ஆணை வந்தது. 2016-க்கு முன்பு உள்ளது போனது போனதுதான். சட்டம் என்றால் கேட்டுக்கொள்ள வேண்டும். மனம் இன்னும் கேட்கவில்லை.

ஆணையில் மூன்று மாதக் கெடுவும், தவறினால் ஒன்பது விழுக்காடு வட்டியும் இருந்தன. கெடு முடிந்தும் பணம் வரவில்லை. ஆணையை நிறைவேற்றச் சொல்லி இன்னொரு மனு போட வேண்டியதாயிற்று. அந்த நாட்களில், எங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருந்த ஒரு ஊழியர் கடிதத்துக்கு மேல் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தார். திருத்திய பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) வந்தபோது பழைய தொகையையும் புதிய தொகையையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்ததும் அவர்தான். தம்பி, நீங்கள் கண்டுபிடித்த அந்தத் தேதிப் பிழை திருத்தப்பட்டுவிட்டது.

மருந்துக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி. முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக்கில் மாத்திரை இருப்பு இல்லாத மாதங்களில் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தவர். நிலுவை வந்ததும் முதலில் அடைத்த கடன் அதுதான்.

மனு, ஆணை, தகவல் உரிமை மனுவின் மாதிரி எல்லாவற்றின் நகலும் சுபேதார் அண்ணன் வீட்டில் இருக்கின்றன. இப்போது அவர் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் நாயக் பதவியில் இருந்த ஒரு படைவீரரின் மனைவிக்காகக் காகிதம் திரட்டிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் பார்ப்பார். மருத்துவ வாரியத்தின் தாள் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகமும் மறுப்புக் கடிதமும் மறக்காமல் கொண்டு போங்கள்.

நன்றியுடன்,
ஒரு முன்னாள் ஹவில்தாரின் மனைவி,
வேலூர் மாவட்டம்