குறைமாதப் பிள்ளையும் லயன் வீடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எட்டாம் மாதத்திலேயே பிறந்த எங்கள் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) கொண்டுவந்திருக்கிறோம். 37 வாரம் நிறையாத பிள்ளைக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, எங்கள் பக்கத்துக் குளிர் தாங்காது என்பதால் மனைவியும் நானும் மாறி மாறி வெற்று மார்பில் பிள்ளையைச் சேர்த்துக் கட்டி, மேலே கம்பளியைப் போர்த்திக்கொள்கிறோம். 1978இல் கொலம்பியாவில் தொடங்கிய இந்தக் 'கங்காரு' முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது, ஆனால் ஆம்பிளை இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து லயத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பெரிய தொல்லை புகை. காம்பராவை (அறையை) ஒட்டியே விறகடுப்பு, போதாததற்குச் சாம்பிராணிச் சட்டியோடு வரும் பெரியம்மாமார்! பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது என்று சொன்னால் கோபம் வருகிறது. சரி, கோபித்தாலும் பரவாயில்லை என்று அடுப்பை இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) மாற்றிவிட்டோம்.

அப்புறம் பால். அழாமல் தூங்குகிறதே என்று விட்டுவிட முடியாது, நேரத்துக்கு எழுப்பிப் பாதத்தைத் தடவித் தடவிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் மிட்வைஃப் அம்மா வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் சிங்களம் மட்டுமே. பால் குடிக்காவிட்டால், மூச்சு வாங்கினால், உடம்பு சில்லிட்டால் உடனே கொண்டு வாருங்கள் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்துத் தகப்பன்